ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு எந்தப் பிக்கப்? ஓர் எடைச்சீட்டு சொன்ன கணக்கு

கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே, எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி இருக்கிறார்கள். ஆண்டில் பாதியை டிரெய்லர் வீட்டில் ஊர் ஊராகச் சென்று கழிப்பவர்கள். அரை டன் வகை, அதாவது கனரகம் அல்லாத சாதாரண பிக்கப்பில், அதன் பெட்டிக்குள் பூட்டி இழுக்கும் 30 அடி நீள ஃபிஃப்த் வீல் டிரெய்லரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மலையிறக்கத்தில் பிரேக் சூடேறிப் புகைந்த பிறகு, கனமான பிக்கப்புக்கு மாற முடிவு செய்தார்கள். நான் இயந்திரப் பொறியாளன்; எடைக் கணக்கு முழுவதையும் அவர்களோடு உட்கார்ந்து போட்டேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எண்களை இங்கே தருகிறேன். பழைய பிக்கப், புதிய பிக்கப், டிரெய்லர் ஆகியவற்றின் நிறுவனப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஃபோர்டு, ராம், ஜி.எம். மூன்றுக்கும் கணக்கு ஒன்றுதான். பெயரைச் சொன்னால் பேச்சு எந்தக் கம்பெனி உசத்தி என்று திரும்பிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிஃப்த் வீல் இழுப்பவருக்கு விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் இழுவைத் திறன் அநேகமாக ஒருபோதும் குறுக்கே நிற்பதில்லை. அதற்கு வெகு முன்பே பிக்கப்பின் முதுகு தாங்கும் எடையும், பின் அச்சு தாங்கும் எடையும் தீர்ந்துவிடுகின்றன. முக்கால் டன் டீசல் வாங்கினால் போதும் என்று பலர் சொல்லும் யோசனை இந்தத் தம்பதியின் விஷயத்தில் தவறாகப் போயிருக்கும். எப்படி என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எடை எங்கே உட்காருகிறது

சென்னைத் துறைமுகத்துக்கோ தூத்துக்குடிக்கோ கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகும் லாரியின் பின் அச்சுக்கு மேலே தட்டையாக ஒரு இரும்புத் தட்டு. டிரெய்லரின் அடியிலிருந்து இறங்கும் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை அதில் பூட்டிக்கொள்ளும். அமெரிக்கர்களின் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வீடும் இதே அமைப்புதான். பிக்கப்பின் திறந்த பெட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால், டிரெய்லரைப் பூட்டும் இணைப்பான ஹிட்ச் பொருத்தப்படும். டிரெய்லரின் முன்பகுதி கூரைபோல நீண்டு பெட்டியின் மேல் கவிந்திருக்கும். அந்த நீட்சிக்குள் பெரும்பாலும் படுக்கையறை.

பம்பருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும். ஃபிஃப்த் வீலில் இது 15 முதல் 25 சதவீதம். வீட்டுச் சாமான்களோடு ஓடுபவற்றில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். சாதாரண டிரெய்லரில் எடையை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் உண்டு. ஃபிஃப்த் வீலில் அந்த வசதி இல்லை. கிங்பின்னில் இறங்கும் எடை ஏறக்குறைய முழுவதும் பிக்கப்பின் பின் அச்சுக்கே போகிறது. இதற்கு நல்ல பக்கமும் உண்டு: ஸ்டியரிங் லேசாகிவிடாது, பக்கக் காற்றிலும் பெரிய லாரிகள் முந்தும்போதும் டிரெய்லர் வாலாட்டுவது மிகக் குறைவு. வயதானவர்கள் இதை விரும்புவதற்குக் காரணமே இந்த நிதானம்தான்.

புகைந்தது ஏன்

டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,158 அடி உயரத்தைத் தொடுகிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்த்தோர்ன் நகரம் வரை ஏறக்குறைய எட்டு மைல் இடைவிடாத இறக்கம்; சில இடங்களில் சரிவு 7 சதவீதம். பிரேக் இழந்த லாரிகள் ஒதுங்குவதற்கென்று சரளை நிரப்பிய மேட்டுப் பாதைகள் அந்த இறக்கத்தில் அமைக்கப்பட்டிருக்கின்றன.

ஏற்றத்தில் அவர்களுடைய பிக்கப் எந்தக் குறையும் வைக்கவில்லை. டர்போ பொருத்திய வி-6 பெட்ரோல் இன்ஜின், உயரத்தைப் பொருட்படுத்தாமல் ஏறியது. இறக்கத்தில்தான் சிக்கல். பாதி வழியில் ரப்பர் கருகியதுபோல் நெடி. கீழே வந்து ஒதுக்கி நிறுத்தியபோது பிக்கப்பின் முன் சக்கரங்களிலிருந்து வெண்புகை. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அதிர்ஷ்டவசமாக வேறொன்றும் நடக்கவில்லை.

இந்த இடத்தில் நியாயமாகப் பேச வேண்டும். புகைந்ததற்கு அதிக எடை மட்டும் காரணம் இல்லை. டிரெய்லரின் மின்சார பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பிக்கப்பின் முகப்பில் ஒரு அளவு வைப்பார்கள். அது மிகக் குறைவாக இருந்தது. ஆகவே டிரெய்லர் தன் எடையைத் தானே நிறுத்தாமல் பிக்கப்பைத் தள்ளிக்கொண்டே வந்தது. இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து இன்ஜினின் இழுபிடியைப் பயன்படுத்தவும் இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்தாலே புகை வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். ஆனால் இவற்றைச் சரிசெய்துகொண்டு அதே பிக்கப்பில் ஓடலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இறக்கத்தின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு. பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து சுமார் 7,070 கிலோ. சுரங்கத்திலிருந்து சில்வர்த்தோர்ன் வரை இறங்கும் உயரம் சுமார் 640 மீட்டர். இறங்கும்போது விடுபடும் ஆற்றல் 44 மெகாஜூல்; சாதாரண வெப்பநிலையில் இருக்கும் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. காற்றுத் தடையும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தட்டுகள் விழுங்க வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது.

எடைச்சீட்டு

நான் முதலில் கேட்டது எடைச்சீட்டு. அவர்களிடம் இல்லை. டிரெய்லர் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட எடை மேடையில் ஏற்றியதில்லை. இது அசாதாரணம் இல்லை. டிரெய்லர் வீடு வைத்திருப்பவர்களில் எடை பார்க்காமலே ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடைகள் உண்டு. 1977-இல் அயோவா மாநிலத்தின் வால்காட்டில் தொடங்கிய நிறுவனம். இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. மேடை தனித்தனித் தட்டுகளாகப் பிரிந்திருக்கும். முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்த தட்டில், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவது தட்டில் நிற்குமாறு ஓட்டி நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலிபெருக்கியில் எந்த நிறுவனத்து வண்டி என்று கேட்பார்கள். சொந்த வண்டி என்று சொன்னால் போதும். சில நிமிடங்களில் சீட்டு கைக்கு வரும். பின்பு டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, பிக்கப்பை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டாவது முறைக்குக் கட்டணம் மிகக் குறைவு. இந்த இரண்டு சீட்டுகளும் இல்லாமல் ஃபிஃப்த் வீல் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பயணத்துக்குத் தயாரான நிலையில், இருவரும் உள்ளே அமர்ந்திருக்க, அளவுகள் இப்படி வந்தன. பிக்கப் மட்டும்: முன் அச்சு 3,260 பவுண்ட், பின் அச்சு 2,860, மொத்தம் 6,120. டிரெய்லரோடு: முன் அச்சு 3,300, பின் அச்சு 4,720, டிரெய்லர் அச்சுகள் 7,560, எல்லாம் சேர்ந்து 15,580.

இனிக் கழித்தல்தான். டிரெய்லரோடு இருக்கும்போது பிக்கப்பின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 8,020. டிரெய்லர் இல்லாமல் 6,120. வித்தியாசமான 1,900 பவுண்ட், அதாவது 860 கிலோ, கிங்பின் வழியாகப் பிக்கப்பின் முதுகில் இறங்கியது. டிரெய்லரின் உண்மை எடை 9,460. அதில் கிங்பின்னில் இறங்கியது 20 சதவீதம். வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் இரண்டு வில்லைகள் ஒட்டியிருக்கும். ஒன்றில் பிக்கப்பின் மொத்த எடை வரம்பு 7,050 பவுண்ட் என்றும், பின் அச்சின் வரம்பு 3,800 என்றும் அச்சிட்டிருந்தது. மற்றது டயர் அளவுகளோடு வரும் மஞ்சள் பட்டை போட்ட வில்லை: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,613 பவுண்டைத் தாண்டக் கூடாது.

எடைச்சீட்டையும் வில்லையையும் சமையலறை மேசையில் அருகருகே வைத்தோம். பிக்கப் தன் மொத்த வரம்பைவிட 970 பவுண்ட் கூடுதலாகச் சுமந்திருக்கிறது. பின் அச்சு 920 பவுண்ட் கூடுதல். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடைக்கு நிறுவனம் கொடுத்த வரம்பு 17,100; அவர்களுடையது 15,580. அதில் தாராளமாக இடம் இருந்தது. இழுவைத் திறன் 11,300 பவுண்ட் என்று சிற்றேடு சொன்னது, டிரெய்லர் 9,460தான். அதிலும் இடம் இருந்தது. இழுவைக் கணக்கில் தேறிய வண்டி, சுமைக் கணக்கில் நானூறு கிலோவுக்கு மேல் தவறியிருக்கிறது. கணவர் பல நிமிடங்கள் பேசாமல் அந்த இரண்டு காகிதங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்பனைச் சிற்றேடு எங்கே வழி தவறவிட்டது

டிரெய்லர் வாங்கும்போது விற்பனையாளர் காட்டியது காலி எடை 8,200, காலி கிங்பின் எடை 1,440. “அரை டன் பிக்கப்பே இழுக்கும்” என்ற வாசகம் டிரெய்லரின் நெற்றியிலேயே ஒட்டப்பட்டிருந்தது. 1,613-இலிருந்து 1,440-ஐக் கழித்தால் இடம் மிஞ்சுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்தக் கழித்தலில் விடுபட்டவை பல. வில்லையில் உள்ள 1,613-இல் தம்பதியின் உடல் எடை 340 போக வேண்டும். ஹிட்ச் 150. கருவிப்பெட்டி, சக்கர அடைக்கட்டைகள், மடக்கு நாற்காலிகள், நாய், நாயின் கூண்டு என்று ஏறக்குறைய 190. கிங்பின் இறங்குவதற்கு முன்பே மிச்சம் 930 பவுண்டுதான். அடுத்தது டிரெய்லருக்குள் ஏறும் சாமான். காலி டிரெய்லரில் யாரும் வாழ்வதில்லை. துணிமணி, பாத்திரம், மளிகை, தண்ணீர் என்று இவர்கள் ஏற்றியது 1,260 பவுண்ட். இந்த வகை டிரெய்லரில் பெரிய சாமான் அறை முன்பக்கம் இருக்கிறது. பேட்டரிகளும் சமையல் எரிவாயு உருளைகளும் அங்கேதான். படுக்கையறை அலமாரி கிங்பின்னுக்கு நேர் மேலே. எனவே ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 460 பவுண்ட், கிங்பின்னுக்குப் போய்விட்டது.

இழுவைத் திறன் எண் பொய்யான எண் இல்லை. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குச் சொல்லிவந்த அந்த அளவு, இப்போது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே 2807 என்ற பொதுச் சோதனையின்படி வருகிறது. அரிசோனா மாநிலத்தின் 68-ஆம் எண் சாலையில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கிளம்பும் டேவிஸ் டேம் ஏற்றத்தை, குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓட, 11 மைலுக்கு மேல் விடாமல் ஏற வேண்டும். பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. இரட்டைச் சக்கரம் என்றால் 35. கடுமையான சோதனைதான். ஆனால் அதில் ஓட்டுநரும் ஒரே ஒரு பயணியும் தலா 150 பவுண்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள். பம்பர் கொக்கி டிரெய்லருக்குக் கொக்கி எடை 10 சதவீதம் என்று எடுக்கிறார்கள். 11,300-இல் 10 சதவீதம் 1,130. அரை டன் பிக்கப் அதைத் தாங்கும். அதே 11,300-ஐ ஃபிஃப்த் வீலுக்கு அப்படியே எடுத்துவைத்தால் கிங்பின்னில் 2,260 இறங்கும். எந்த வழக்கமான அரை டன் பிக்கப்பும் ஆட்களோடு சேர்த்து அதைத் தாங்காது. டிரெய்லரின் நெற்றியில் அந்த வாசகத்தை ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஓய்வூதியச் சேமிப்பைக் கொட்டி வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை.

பின்புறம் தொய்கிறது என்று பழைய பிக்கப்பில் அவர் காற்றுப்பை ஸ்பிரிங் வைத்திருந்தார். வண்டி நேராக நின்றது; விளக்கொளி சாலையில் சரியாக விழுந்தது. அதனால் சுமை வரம்பு ஒரு பவுண்டுகூட உயரவில்லை. அச்சு, சக்கரத் தாங்கி, பிரேக், வண்டியின் அடிச்சட்டம் எல்லாம் பழையனதானே. தொய்வு கண்ணுக்குத் தெரியாமல் போனதால், எடை அதிகம் என்பதை உணர்த்தும் ஒரே அறிகுறியும் மறைந்துவிட்டது.

என்னென்ன வழிகள் இருந்தன

டிரெய்லரை மாற்றிவிட்டு, பிக்கப்பை வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் நான் முதலில் சொன்னேன். 7,500 பவுண்டுக்குள் பம்பர் கொக்கி டிரெய்லர் ஒன்று அந்தப் பிக்கப்புக்குப் பொருந்தியிருக்கும். செலவும் மிகக் குறைவு. அவர் மனைவி மறுத்தார். மாதக்கணக்கில் வாழ்கிற வீடு, நிமிர்ந்து நிற்கும்படியான படுக்கையறை வேண்டும், தனக்கும் ஓட்டத் தெரிகிற, காற்றில் ஆடாத வண்டி வேண்டும் என்றார். மூன்று நான்கு ஆண்டுகளில் இன்னும் சற்றுப் பெரிய ஃபிஃப்த் வீல் எடுக்கும் எண்ணமும் இருந்தது. ஆகவே பிக்கப்தான் மாற வேண்டும்.

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்ற பெயர்கள் பழைய காலத்துச் சுமை அளவுகள். இன்று 1500 அல்லது எஃப்-150 என்பவை அரை டன், 2500 அல்லது எஃப்-250 முக்கால் டன், 3500 அல்லது எஃப்-350 ஒரு டன் என்று அடையாளத்துக்காக வழங்குகின்றன. உண்மையான சுமை அந்தந்த வண்டியின் கதவுத் தூணில்தான் இருக்கிறது. ஒரே மாதிரியில்கூட கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை என்று சேரச் சேரச் சுமை குறையும்.

முக்கால் டன் டீசல். நண்பர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். இந்த வகுப்பில் பல பிக்கப்களின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்ட் என்று நிறுத்தப்பட்டிருக்கிறது. சட்டத்தில் அதற்கு மேல் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. டீசல் இன்ஜினும் அதற்குரிய கியர்பெட்டியும் பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்ட் கனம். இரட்டை வரிசை இருக்கை, நான்கு சக்கர இயக்கம், டீசல் மூன்றும் சேர்ந்தால் காலி வண்டியே 7,800-ஐ நெருங்கிவிடும். நாங்கள் விற்பனைக் களத்தில் கதவைத் திறந்து பார்த்த ஒன்றில் வில்லை 2,190 என்றது. அதில் ஆட்கள் 340, கனமான ஹிட்ச் 200, சாமான் 190 போனால் 1,460 மிச்சம். அவர்களுடைய கிங்பின் எடை 1,900. அதாவது இப்போது இருக்கும் டிரெய்லருக்கே போதாது. இழுவைத் திறன் 18,000-ஐத் தாண்டும் வண்டி அது. விற்பனையாளர் அந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

முக்கால் டன் பெட்ரோல். இன்ஜின் லேசாக இருப்பதால் வில்லையில் 3,000-ஐ ஒட்டி வரும். இப்போதைய டிரெய்லருக்குத் தாராளம். விலையும் டீசலைவிடச் சுமார் 10,000 டாலர் குறைவு. டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டாம், பராமரிப்பு எளிது. சமவெளியில் வசிப்பவருக்கு, 10,000 பவுண்டுக்குள் டிரெய்லர் வைத்திருப்பவருக்கு, இதையே வாங்கச் சொல்வேன். ஆனால் டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஃபோர்டின் 7.3 லிட்டர் வி-8, கடல் மட்டத்தில் 430 குதிரைத்திறன் கொடுப்பது, ஐசன்ஹோவர் சுரங்க வாசலில் 300-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். இன்னும் பெரிய டிரெய்லருக்குப் போகும் எண்ணமும் சேர்ந்தால் இது கைகொடுக்காது.

டீசலின் பெருமையாக எல்லோரும் ஏற்றத்தைச் சொல்வார்கள். நான் அதைவிட இறக்கத்தைப் பெரிதாக நினைக்கிறேன். மூன்று நிறுவனங்களின் கனரக டீசல் பிக்கப்களிலும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. டர்போவின் இதழ்களை ஒடுக்கி, புகைபோக்கும் பாதையில் எதிரழுத்தம் உண்டாக்கி, இன்ஜினையே பிரேக்காக மாற்றும் ஏற்பாடு. கியர்பெட்டி தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கிக்கொள்ளும். கால் மிதியைத் தொடாமலே நீண்ட இறக்கம் முழுவதும் ஒரே வேகத்தில் இறங்கலாம். முன்பு சொன்ன 44 மெகாஜூலில் பெரும்பகுதி இன்ஜின் வழியாகக் காற்றுக்குப் போய்விடும். பிரேக் தட்டு குளிர்ந்தபடியே அவசரத்துக்குக் காத்திருக்கும். மலை மாநிலத்தில் வாழ்பவர் டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆக, ஒரு டன் டீசல் என்பது உறுதியாயிற்று. பின்னால் ஒற்றைச் சக்கரமா, பக்கத்துக்கு இரண்டு சக்கரமா என்பது மட்டும் மிச்சம். இரட்டைச் சக்கர வகையின் மொத்த வரம்பு பொதுவாக 14,000 பவுண்ட். சுமை 5,000-ஐத் தாண்டும். பின் டயர் ஒன்று வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும். அவர் மனம் அதில்தான் இருந்தது. ஆனால் பின்புற அகலம் எட்டு அடியைத் தொடும். காலியாகப் பனியில் ஓட்டும்போது பிடிமானம் குறைவு. ஆறு டயர் வாங்க வேண்டும். அவர்களிடம் வேறு கார் கிடையாது. மருத்துவமனைக்கும் மளிகைக் கடைக்கும் அதே வண்டிதான். 16,000 பவுண்ட் டிரெய்லர் வாங்கப் போகிறவராக இருந்தால் இரட்டைச் சக்கரத்தை விடாதீர்கள் என்று வற்புறுத்தியிருப்பேன். இவர்களுக்கு ஒற்றைச் சக்கரம் போதும் என்று எனக்குத் தோன்றியது. போதுமா என்பதை எண்ணில் பார்க்க வேண்டியிருந்தது.

அச்சு வைத்த வரம்பு

இங்கே ஒரு நுணுக்கம். மஞ்சள் வில்லை ஒட்ட வேண்டும் என்ற சட்டம் 10,000 பவுண்ட் வரை உள்ள வாகனங்களுக்குத்தான். ஒரு டன் பிக்கப்பில் அது இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. மொத்த வரம்பிலிருந்து எடை மேடையில் கிடைக்கும் எடையைக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விற்பனையாளரிடம் சோதனை ஓட்டத்தின்போது எடை பார்த்துவருகிறோம் என்று கேட்டோம். வியப்போடு பார்த்தாலும் சாவியைக் கொடுத்தார்.

எட்டு அடி பெட்டி, நான்கு சக்கர இயக்கம், இரட்டை வரிசை இருக்கை, டீசல் தொட்டி நிரம்பியிருந்தது, ஓட்டுநர் இருக்கையில் அவர் மட்டும். முன் அச்சு 4,900, பின் அச்சு 3,280, மொத்தம் 8,180. வண்டியின் மொத்த வரம்பு 12,300. பின் அச்சு வரம்பு 7,000.

இதன் மேல் மனைவி, ஹிட்ச், சாமான் எல்லாம் ஏறினால் மொத்தம் 8,720. வரம்பு வரை 3,580 பவுண்ட் இடம் இருக்கிறது. கிங்பின் எடையை மிக மோசமான 25 சதவீதம் என்று வைத்தாலும் 14,000 பவுண்ட் டிரெய்லர் வரை தாங்கும். அவர் முகம் மலர்ந்தது. பின் அச்சைத் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஹிட்சும் சாமானும் பின் அச்சின் மேல்தான் உட்காருகின்றன. எல்லாம் சேர்ந்து பின் அச்சில் 3,740. வரம்பான 7,000 வரை 3,260தான் இடம். அதை நான்கால் பெருக்கினால் 13,040. மொத்த வரம்பு 14,000 வரை போகலாம் என்கிறது. பின் அச்சு 13,000-இல் நிறுத்துகிறது. இரண்டில் சிறியதே சட்டம்.

பலர் மொத்த வரம்போடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். கனரகப் பிக்கப்பில் டீசல் இன்ஜினின் எடை முன் அச்சின் மேல் இருக்கிறது. டிரெய்லர் எடை பின் அச்சின் மேல் இறங்குகிறது. முன்னால் இடம் மிச்சமிருப்பது பின்னால் உதவாது. பின் டயர்களையும் சேர்த்தே பார்த்தோம்: எல்.டி. 275/70 ஆர்18, இ வகை, 80 பி.எஸ்.ஐ. காற்றில் ஒவ்வொன்றும் 3,640 பவுண்ட் தாங்கும். இரண்டும் சேர்ந்து அச்சின் வரம்பைவிடச் சற்று அதிகம். காற்று 60-க்குக் குறைந்தால் அந்தத் தாங்குதிறன் கிடைக்காது என்பதையும் சொல்லிவைத்தேன்.

அடுத்த டிரெய்லரின் உச்ச எடை வரம்பு 13,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் பிக்கப்பை வாங்கினார்கள். காலி எடை 13,000 இல்லை. டிரெய்லரின் தகட்டில் உள்ள உச்ச வரம்பு. காலப்போக்கில் சாமான் சேரும், எல்லோருக்கும் சேரும்.

எட்டு அடி பெட்டி வேண்டாம், ஆறரை அடி போதும் என்றுதான் விற்பனையாளர் சொன்னார். குட்டைப் பெட்டியில் நெருக்கமாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை பிக்கப்பின் பின் கண்ணாடியை இடிக்கும் வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்க்க நகரும் ஹிட்ச் வாங்க வேண்டும்; அது இன்னும் கனம், அந்தக் கனமும் பின் அச்சுக்கே. நீளப் பெட்டியால் வண்டி 6.6 மீட்டருக்கு மேல் நீண்டுவிடுகிறது, நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டார்கள். ஹிட்ச் பூட்டுவதற்கான துளைகளும் பெட்டிக்குள் டிரெய்லர் மின் இணைப்பும் தொழிற்சாலையிலேயே அமைத்து வரும் தொகுப்பைக் கேட்டு வாங்கியது நல்ல முடிவு. பிறகு அடிச்சட்டத்தில் துளை போட வேண்டிய வேலை இல்லை.

வேறு மாநிலங்களில் வசிப்பவர்கள் ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டும் ஃபிஃப்த் வீலுக்குச் சாதாரண உரிமத்தோடு தனி ஒப்புதல் தேவை. 15,000-ஐத் தாண்டினால் வணிகம் சாராத ‘ஏ’ வகுப்பு உரிமமே வேண்டும்.

வாங்கிய பிறகு

புதிய பிக்கப்போடு பழைய டிரெய்லரை அதே எடை மேடையில் ஏற்றினோம். முன் அச்சு 5,040, பின் அச்சு 5,600, டிரெய்லர் அச்சுகள் 7,500. கிங்பின் எடை 1,920. மொத்த வரம்புக்கு 1,660 பவுண்டும், பின் அச்சு வரம்புக்கு 1,400 பவுண்டும் மிச்சம். டிரெய்லர் பிரேக்கின் அளவையும் அன்றே சரிசெய்தோம்: காய்ந்த சமதளத்தில் மணிக்கு 25 மைல் வேகத்தில் டிரெய்லர் பிரேக்கின் கைப்பிடியை மட்டும் அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்றுக் கீழே வரும் அளவில் வைத்தோம்.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று உயரத்தில் வந்தது. நான்கு சக்கர இயக்கக் கனரகப் பிக்கப்பின் பெட்டி, பழையதைவிட நன்றாக உயரம். டிரெய்லரை மட்டமாக வைத்தால் பெட்டியின் விளிம்புக்கும் மேலே கவியும் டிரெய்லருக்கும் இடைவெளி நான்கு அங்குலம்தான். மேடுபள்ளத்தில் இடித்து விளிம்பை நசுக்கிவிடும்; ஆறு அங்குலமாவது வேண்டும். ஹிட்சை உயர்த்தினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கியபடி ஓடும். பின்பக்க அச்சுக்கும் அதன் டயர்களுக்கும் கூடுதல் பளு. கடைசியில் பட்டறையில் டிரெய்லரின் வில்பட்டைகளை அச்சுக்கு மேலே மாற்றிப் பொருத்தி டிரெய்லரையே உயர்த்தினார்கள். படிக்கட்டும் உயர்ந்துவிட்டதால் கூடுதலாக ஒரு படி போட வேண்டியிருந்தது. பிக்கப் விலை பேசும்போதே பெட்டி விளிம்பின் உயரத்தையும் டிரெய்லர் அடித்தளத்தின் உயரத்தையும் நாடாவால் அளந்துவிடுங்கள். இந்தச் செலவை விலையோடு சேர்த்தே பார்க்கலாம்.

காலி வண்டியாக ஓடும்போது ஒரு டன் பிக்கப் முதுகைக் குலுக்குகிறது. பின்புற வில்பட்டைகள் 3,000 பவுண்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஒன்றும் இல்லாதபோது அவை மசிவதில்லை. அவர் மனைவிக்கு இதுதான் இன்றுவரை குறை. நிறுவனம் சொல்லும் அளவுக்குள்ளேயே காலி ஓட்டத்துக்குப் பின் டயர் காற்றைக் குறைத்தால் கொஞ்சம் இதமாக இருக்கும்; டிரெய்லர் மாட்டும்போது மறக்காமல் ஏற்ற வேண்டும். காற்று ஏற்றும் சிறு கம்ப்ரஸர் ஒன்று இப்போது கருவிப்பெட்டியில் இருக்கிறது.

இந்தக் கோடையில் அடுத்த டிரெய்லர் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். விற்பனைக் களத்தில் அவர் மனைவி முதலில் டிரெய்லரின் இடப்பக்க முன்பகுதியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்கிறார். 13,000-க்கு மேல் அச்சிட்டிருந்தால், சமையலறை எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே ஏறிப் பார்ப்பதில்லை.